எப்படி நின்றது?

2012-ஆம் ஆண்டின் மின்வெட்டைத் தமிழ்நாட்டில் கடை வைத்திருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சென்னையைத் தாண்டினால் பல ஊர்களில் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது. விருத்தாசலத்தில் சின்னதாக ஜெராக்ஸ் கடை நடத்திவந்த நான், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றை நம்பித்தான் அந்த வருஷத்தை ஓட்டினேன். கடைக்குள் வைத்தால் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும் என்பதால் பின்பக்கத் திறந்தவெளியில் வைத்திருந்தேன்.

திடீரென்று அது தகராறு செய்யத் தொடங்கியது. கிளம்பும், கால் மணி நேரம் ஓடும், நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டு இழுத்தால் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். கையில் விண்ணப்பத்தோடு பிள்ளைகள் வாசலில் காத்திருப்பார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. இன்ஜின் சமாச்சாரமெல்லாம் பெண்களுக்குப் புரியாது என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் நான். அந்தப் பயத்தை யாரிடமும் சொன்னதில்லை.

மருந்து தெளிக்கும் மெஷின், ஜெனரேட்டர் எல்லாம் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் வந்தார். ஸ்பேனரைத் தொடவே இல்லை. “பட்டுன்னு நின்னுச்சா தங்கச்சி, இல்ல திணறித் திணறி நின்னுச்சா?” என்று கேட்டார்.

திணறித்தான் நின்றது. சத்தம் ஏறி இறங்கி, இழுத்து இழுத்து அடங்கியது. “அப்படின்னா பெட்ரோல் பத்தலை” என்றவர், ஓடவிட்டு, அடுத்த முறை நின்றதும் டேங்க் மூடியைத் திருகச் சொன்னார். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது. கயிற்றை இழுத்தேன், ஓடியது. மூடியிலிருந்த காற்றுத் துளை தூசியால் அடைந்திருந்தது. எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் ஒழுங்காக ஊற்றாதில்லையா, அதே கதைதான். பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் கூடி, வரத்தே நின்றுபோகிறது.

மூடியைத் திறந்தும் சரியாகாவிட்டால் அடுத்து சோக்கைப் பார்க்க வேண்டும் என்றார். சூடான இன்ஜின் பாதி சோக்கில் மட்டும் ஓடினால், கார்புரேட்டர் ஜெட்டில் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். ஜெட்டை ஊசியால் குத்தக்கூடாது, துளை பெரிதாகிவிடும். காற்றடித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். அதையும் இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே கழற்ற வேண்டும்.

சில மாதம் கழித்து அதே ஜெனரேட்டர் வேறு மாதிரி நின்றது. திணறவில்லை, சுவிட்சை அணைத்ததுபோல் பட்டென்று நின்றது. இந்த முறை யாரையும் கூப்பிடும் முன் நானே பார்த்தேன். முதலில் ஆயில். ஆயில் குறைந்தால், சாய்வான இடத்தில் வைத்தாலும்கூட, நெருப்புப் பொறியை நிறுத்திவிடும் சென்சார் பல ஜெனரேட்டர்களில் உண்டு. ஆயில் சரியாக இருந்தது, தரையும் மட்டமாக இருந்தது. பிறகு சூடு ஆறும் முன்பே, பெட்ரோல் வாடை இல்லாத இடத்தில் வேறொரு பிளக்கை மாட்டி, இன்ஜின் உடம்பில் தொடவைத்து இழுத்தேன். பொறி இல்லை. ஆறிய பின் இழுத்தால் பொறி வந்தது. பொறியை உண்டாக்கும் காயில் போயிருந்தது. உள்ளே இற்றுப்போன கம்பிச் சுற்று, சூடானால் தொடர்பு விட்டுப்போகும், ஆறினால் கூடிக்கொள்ளும். காயிலை மாற்றியதும் தகராறு தீர்ந்தது.

நின்ற இன்ஜினை உடனே இழுக்கத்தான் கை பரபரக்கும். ஆனால் பழுதின் அடையாளம் சூட்டோடுதான் இருக்கிறது. ஆறிப்போனால் காயில் நல்லதுபோல் நடிக்கும், கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தால் பிளக் பெட்ரோலில் நனைந்து வேறு குழப்பம் சேரும். நின்ற விதத்தைக் கேட்டு, மூடி, சோக், ஆயில், பொறி என்று ஒன்றொன்றாகப் பார்த்தால் காரணம் அகப்பட்டுவிடும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் சேர்கிறது. அது ஈரத்தை இழுக்கும். அதனால் நாள்கணக்கில் ஓட்டாமல் வைக்கும்போது டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவைக்கிறேன்.

அந்த அண்ணன் பழுதை மட்டும் சரிசெய்துவிட்டுப் போயிருந்தால், என் பயம் அப்படியே இருந்திருக்கும். கேள்வி கேட்டு என்னையே மூடியைத் திறக்க வைத்ததால்தான் அது போனது. உங்கள் வீட்டில் மோட்டாரோ இன்ஜினோ பழுது பார்க்க ஆள் வந்தால், உங்கள் பெண்பிள்ளையையும் பக்கத்தில் நிறுத்துங்கள். ஒரு ஸ்குரூவையாவது அவள் கையால் திருகட்டும்.