ரோமும் நொய்யலும்

காலைல சிநேகிதி ரோம்ல இருந்து போட்டோ அனுப்புனா.
கொலோசியம் முன்னாடி நாலு பேரா நிக்கறாங்க. அடுத்த போட்டோல பாஸ்தா.

நாங்க மூணு பேரும் அந்நேரத்துக்கு கொடுமணல்ல நின்னுட்டிருந்தோமுங்க.
சென்னிமலைப் பக்கம், நொய்யல் கரை.
செம்மண்ணு, நட்ட கல்லு, வெயிலு. அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும்.

ஆனா, ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி இங்கதான் கல்மணிக்குப் பட்டை தீட்டினாங்க.
பக்கத்துல படியூர்ல எடுத்த பச்சைக்கல்லும் இங்க வந்துச்சு.
இந்தப் பக்கத்துச் சரக்கு பாலக்காட்டுக் கணவாய் தாண்டி, முசிறித் துறைமுகத்துல கப்பலேறி, ரோம் வரைக்கும் போச்சு.
அங்கிருந்து வந்த வெள்ளிக்காசு, ரோமப் பேரரசருங்க அகஸ்டஸ், டைபீரியஸ் தலை போட்டது, 1842-ல நம்ம கோயமுத்தூர்ப் பக்கம் வெள்ளலூர்ல 500-க்கு மேல கெடைச்சுது.

மத்தியானம் வேப்பமரத்தடில தூக்குப்போசியத் தொறந்தோம்.
அரிசிம்பருப்பு சாதம், மேல நெய்யி.
ஒரே போசில மூணு கையி.
மனசு நெறஞ்சு போச்சுங்க.

மணியத் தீட்டின கையி ரோமப் பாத்திருக்காது.
அதப் போட்டுக்கிட்ட கழுத்து நொய்யலப் பாத்திருக்காது.
நடுவுல, கணவாய் வழில, எந்த மரத்தடில யாரு யாரோட சோறு பங்கிட்டிருப்பாங்க?