ஏட்டில் நிற்கும் பெயர்

மோட்டார் வண்டியைப் பதிவு செய்தவுடன் அதன் உரிமையில் ஒரு பங்கு அரசாங்கத்தைச் சேர்ந்துவிடுகிறதென எண்ணுவோர் நம்முள் உளர். "பணம் கொடுத்து வாங்கினவன் யான், இதற்கு எண் வழங்கவும் வரி விதிக்கவும் அரசாங்கம் யார்?" என வினவுவோரும் உளர். இவ்விரு கூற்றும் பொருந்தாவென்பதை, மதுரை கே.கே. நகரில் எம் அயலார் ஒருவர்க்கு நேர்ந்ததைக் கண்டு யாம் தெளிந்தோம்.

வண்டி, பொருள் என்ற அளவில், உடையவனுக்கே உரியது. சட்டத்தின் ஆணையின்றி ஒருவருடைய சொத்தைப் பறித்தலாகாதென நம் அரசியலமைப்பின் 300-அ உறுப்பு விதிக்கின்றது. ஆனால் சாலை பலருக்கும் பொது. ஆதலின் அரசாங்கம் வண்டியைத் தன்னதாக்கிக் கொள்ளாமல், அதன் ஓட்டத்தையே ஒழுங்கு செய்கிறது. 1914, 1939 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களுக்குப் பின், 1988-ஆம் ஆண்டுச் சட்டம் 1989 ஜூலை முதல் தேதியிலிருந்து நடைபெற்று வருகிறது. அதன்படி பதிவு பெறாத வண்டியை ஓட்டலாகாது. சொந்தக் காருக்கும் இருசக்கர வண்டிக்கும் பதிவு 15 ஆண்டு செல்லும். பின்னர்ப் புதுப்பித்தல் வேண்டும். எம் தெருவில் நிற்கும் வண்டிகளிற் காணும் 58, 59, 64 என்னும் எண்கள் முறையே மதுரைத் தெற்கு, வடக்கு, மத்திய அலுவலகங்களைக் குறிப்பன.

இனி, உடையவன் யாவன்? யாருடைய பெயரால் வண்டி பதிவாகி நிற்கிறதோ அவனே என்பது, சில விலக்குகள் நீங்கலாக, அச்சட்டத்தின் விடை. ஒரே மாநிலத்துள் விற்றவன் 14 நாளுக்குள்ளும், வாங்கினவன் 30 நாளுக்குள்ளும் அதனை அலுவலகத்துக்கு அறிவித்தல் வேண்டும்.

எம் அயலார் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். தம் ஸ்கூட்டரை அறிந்தவர் ஒருவருக்கு விற்று, 29, 30 என்னும் எண்ணுடைய படிவங்களிற் கையொப்பமிட்டுக் கொடுத்து, அத்துடன் கடமை முடிந்ததென்றிருந்தார். வாங்கினவரோ பெயரை மாற்றினாரல்லர், காப்புறுதியையும் புதுப்பித்தாரல்லர். ஓராண்டு கழித்து அவ்வண்டி மாட்டுத்தாவணிச் சாலையிற் பூ விற்கும் அம்மையார் ஒருவரை மோதிற்று. இழப்பீடு கோரிய வழக்கின் அறிவிப்பு ஆசிரியர் வீட்டு வாயிலுக்கு வந்தது.

"வண்டி என்னுடையதன்றே!" என்றார் அவர். வழக்கறிஞர் அவருடைய பழைய மாணவர். "ஐயா, தங்கள் கையைவிட்டுப் போயிற்று, ஏட்டைவிட்டுப் போகவில்லையே" என்றார் அவர் பணிவுடன். 2018 பெப்ருவரி 6-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையும் எடுத்துக் காட்டினார். பலர் கை மாறிய கார் ஒன்றால் விளைந்த விபத்தில், ஏட்டிற் பெயர் நின்றவரே பொறுப்பாளர் என்பது அத்தீர்ப்பு. பதிவாகாத விற்பனைகளின் சுவட்டைத் தேடித் திரியும் சுமையை, அடிபட்டவர்மேல் ஏற்றலாகாதென்பதே அதற்குக் காரணம்.

ஆசிரியர் சில நாள் அரசாங்கத்தை நொந்தார், வாங்கினவரை நொந்தார். பின்னர் ஒரு மாலை எம்மையும் உடனழைத்து அவ்வம்மையார் வீட்டுக்குச் சென்றார். மணிக்கட்டு முறிந்தமையால் அவரால் பூத் தொடுக்க இயலவில்லை. அவர் மகள் பள்ளிக்குச் செல்லாமல் தொடுத்துக் கொண்டிருந்தாள். "இடிச்சவர் யாருன்னே எனக்குத் தெரியாதுங்கய்யா. வண்டி நம்பரை மட்டும் பக்கத்துக் கடைத் தம்பி எழுதி வச்சுக்கிட்டாரு" என்றார் அம்மையார். ஆசிரியர் மறுமொழி கூறவில்லை. திரும்பும் வழியில், "அந்த எண் இல்லையேல் இவருக்கு யார் துணை?" என்று மட்டும் கூறினார். வழக்கை நீட்டாமல், தாம் சேமித்து வைத்திருந்த பொருளினின்றும் இழப்பீட்டைச் செலுத்தினார். வாங்கினவரிடமிருந்து அதனைப் பெறும் முயற்சி இன்னும் நடைபெறுகிறது.

நல்ல சமாரியன் உவமையை நம் கல்லூரியிற் கேளாதார் இலர். வழியில் அடிபட்டுக் கிடப்பவனுக்கு அயலான் யார் என்பதே அங்கு எழும் வினா. அவ்வினாவுக்கு நாடு எழுதி வைத்திருக்கும் எளிய விடையே பதிவேடு. அரசாங்கத்துக்கும் வண்டியுடையானுக்கும் உள்ள உடன்பாடு உண்மையில் இருவரிடையே நிற்பதன்று. முகமறியாத வழிப்போக்கன் ஒருவன் அதில் மூன்றாமவனாய் நிற்கின்றான்.

ஆண்டு முடிவில் விடுதியை விட்டு நீங்கும் மாணவ நண்பர் பலர், தம் வண்டிகளை இளையவர்க்கு விற்றுச் செல்வது வழக்கம். விலையைப் பெறுமுன் காப்புறுதி நடப்பில் உளதோவென நோக்குக. விற்ற பின் ஏட்டிற் பெயர் மாறியதைக் கண்ணாற் கண்டு, அதன்பின் ஊருக்குப் புறப்படுக.