எங்கள் பல்லுக் கதை

நமது ஆலயப் பாடகர் குழுவின் பழைய படங்களை எடுத்துப் பாருங்கள். அக்காவும் தங்கையுமான நாங்கள் எந்தப் படத்திலும் பல் தெரியச் சிரித்திருக்க மாட்டோம். பாடும்போது வாயைத் திறந்துதானே ஆகவேண்டும்? அதற்காகப் பாட்டுப் புத்தகத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வோம். "புத்தகத்தை இறக்கிப் பிடியுங்கோ பிள்ளையள், சத்தம் வெளியிலை வருகுதில்லை" என்று எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் பேச்சு வாங்கியிருக்கிறோம்.

காரணம் எங்கள் முன்பற்களில் இருந்த மண்ணிறக் கறை. நாங்கள் வவுனியாவில் பிறந்து, ஒருவர் ஒன்பது வயதிலும் மற்றவர் ஏழு வயதிலும் ஸ்காபரோவுக்கு வந்தவர்கள். வந்த புதிதில் ஒரு அன்ரி எங்களைப் பார்த்து, "என்ன பிள்ளையள், வெத்திலை போடுறனீங்களோ?" என்று பகிடியாகக் கேட்டார். பகிடிதான், அவர் அதை அன்றைக்கே மறந்திருப்பார். அம்மாவோ நாங்கள் ஒழுங்காகப் பல் துலக்குவதில்லை என்றே நம்பியிருந்தார். உப்பு, கரி, எலுமிச்சம்புளி எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்தோம். (எலுமிச்சம்புளி எனாமலை அரிக்கும். யாரும் செய்யாதீர்கள்.)

அக்காவுக்குக் கலியாணம் நிச்சயமானபோதுதான் வெனியர் பேச்சு வந்தது. முதலில் போன இடத்தில் பத்தே நிமிடத்தில் ஒரு தாளை நீட்டினார்கள். மேல்வரிசையில் பத்துப் பற்களுக்கு போர்சலின் வெனியர், ஒரு பல்லுக்கு ஆயிரத்து நானூறு டொலர், தவணையிலும் கட்டலாம். அப்பா தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் கார் ஓட்டினார். அந்த மௌனம் எங்களுக்குத் தெரிந்த மௌனம். இன்னொரு வேலை பிடிக்கலாமா என்று கணக்குப் பார்க்கிற மௌனம். ஓஹிப் இதற்குக் காசு தராது. கனடாவின் புதிய பல் பராமரிப்புத் திட்டத்திலும் வெனியர், வெளுப்பாக்கல் போன்ற அழகுச் சிகிச்சைகள் சேர்த்தியில்லை. லண்டனில் இருக்கும் மச்சாள், துருக்கிக்குப் போனால் மலிவு என்றாள். யாரோ ஒரு பெண் வீட்டிலேயே வெனியர் ஒட்டிவிடுகிறாராம் என்று இன்ஸ்டகிராமில் ஒரு தோழி காட்டினாள். ஒன்ராறியோவில் பல் வைத்தியம் செய்பவரின் பெயர் பல் வைத்தியர்களுக்கான ரோயல் கல்லூரியின் பதிவேட்டில் இருக்கவேண்டும். அதை இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். அந்தப் பெண்ணின் பெயர் அதில் இருக்கவில்லை.

இரண்டாவதாக வேறொரு டொக்டரிடம் போனோம். அவர் பல்லைப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, "சின்ன வயசிலை எங்கை தண்ணி குடிச்சனீங்கள்?" என்பது. கிணற்றுத் தண்ணீர் என்றார் அம்மா. வவுனியா, அனுராதபுரம் பக்கத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் புளோரைட் கூடுதல். இந்தியாவில் தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கும் இதே பிரச்சினை. ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் அங்கே வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். முரசுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில் அளவுக்கு மிஞ்சிய புளோரைட் உடம்பில் சேர்ந்தால் எனாமலிலேயே கறை விழுந்துவிடும். 1901இல் கொலராடோவில் வேலைக்குப் போன மக்கே என்ற பல் வைத்தியர் அங்குள்ளவர்களின் மண்ணிறப் பற்களைக் கண்டு காரணம் தேடத் தொடங்கினார். அது தண்ணீரில் உள்ள புளோரைட் என்று உறுதியாக 1931 ஆயிற்று. ரொறன்ரோவும் 1963 முதல் தண்ணீரில் புளோரைட் சேர்க்கிறதே என்று அப்பா குறுக்கே கேட்டார். நல்ல கேள்வி. இங்கே ஒரு லீற்றருக்கு 0.6 மில்லிகிராம் அளவில்தான் வைக்கிறார்கள், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச எல்லை 1.5. கறை விழுவதும் பல் காப்பதும் அளவைப் பொறுத்தது.

அம்மா அழுதுவிட்டார். துலக்கவில்லை என்று எத்தனை வருடம் ஏசினேன் பிள்ளையள் என்றார். எங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. டொக்டர் எழுந்துபோய்த் தண்ணீர் எடுத்து வந்தார்.

பிறகு அவர் சொன்னது எங்களுக்குப் புதிது. போர்சலின் வெனியருக்குப் பெரும்பாலும் எனாமலை அரை மில்லிமீற்றர் அளவில் சீவவேண்டும். சீவிய எனாமல் திரும்ப வளராது. பத்து, பதினைந்து வருடம் அது நன்றாக இருக்கும், பிறகு மாற்றவேண்டும், அதற்குப் பிறகும் மாற்றவேண்டும். இருபத்தாறு வயதில் தொடங்கினால் எத்தனை தடவை என்று நீங்களே கணக்குப் பாருங்கள். ஆகவே குறைந்ததிலிருந்து தொடங்குவோம் என்றார். முதலில் மெல்லிய அமிலமும் படிகக்கல் தூளும் கலந்து மேற்பரப்பை மட்டும் தேய்த்தார். தங்கைக்குக் கறை பாதிக்குமேல் மங்கியது, அவள் அத்துடன் நிறுத்திக்கொண்டாள். அக்காவுக்கு நான்கு பற்களில் மிச்சம் இருந்தது. அவற்றுக்கு பொண்டிங்.

வலிக்குமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஊசியே போடவில்லை. பல் காய்ந்தால் வெளுப்பாகத் தெரியும் என்பதால் முதலிலேயே நிறம் பார்த்தார்கள். பின்பு பொஸ்போரிக் அமிலம் பூசிக் கழுவினார்கள். கறைபிடித்த எனாமல் லேசில் மசியாது, அதனால் கொஞ்சம் கூடுதல் நேரம். அதன்மேல் பசை, பிறகு கொம்பொசிற் படைபடையாக, ஒவ்வொன்றுக்கும் நீல வெளிச்சம். இந்த அமில வித்தையை 1955இல் கண்டு எழுதியவர் புவனோகோரே. நம்முடைய ஒன்ராறியோ ஏரிக்கு அக்கரையில், ரொச்செஸ்ரரில் இருந்தவர். உலோகத்தில் வர்ணம் ஒட்டுவதற்கு அமிலம் பூசுவதைக் கண்டு பல்லிலும் செய்து பார்த்தாராம்.

கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருக்க, பலகாரச் சூட்டில் அக்கா ஒரு முறுக்கைக் கடித்தாள். ஒரு மூலை உடைந்து கையில் வந்தது. வீடே செத்தவீடு மாதிரி. டொக்டர் அரை மணித்தியாலத்தில் திருத்திவிட்டார். போர்சலின் உடைந்திருந்தால் பெரும்பாலும் புதிதாகவே செய்யவேண்டியிருக்கும். பொண்டிங்குக்கு ஆயுள் குறைவு, ஐந்து முதல் ஏழு வருடம் என்பார்கள், தேத்தண்ணியும் மஞ்சளும் அதில் ஏறும். ஆனால் திருத்துவது லேசு. அக்கா தேத்தண்ணியைக் குறைத்திருக்கிறாள், விடவில்லை.

இதெல்லாம் வீண் பெருமை அல்லவா என்று கேட்டவர்களும் உண்டு. 1 சாமுவேல் 16ஐ எங்களுக்கு நினைவூட்டாத ஆட்கள் குறைவு. கர்த்தர் முகத்தை அல்ல, இருதயத்தைப் பார்க்கிறார் என்பது எங்களுக்கும் ஆறுதல்தான். ஆனால் அதே அதிகாரம் ஐந்து வசனம் தள்ளி தாவீதின் கண்கள் அழகு என்றும் சொல்லுகிறதே. அதை ஏன் எழுதி வைத்தார்கள் என்று வாலிபர் கூடுகையில் கேட்டோம். போதகர் சிரித்துவிட்டு, அடுத்த கிழமை கதைப்போம் என்றார். அடுத்த கிழமை பனி கொட்டி, கூடுகை நடக்கவில்லை.

தங்கையின் பல்லில் இன்னும் கறை இருக்கிறது. போன கரோல் படத்தில் அது தெரிகிறது. அவள் அந்தப் படத்தைத்தான் அம்மம்மாவுக்கு அனுப்பினாள்.