தசைத்துடிப்பும் திருச்சுழிச் சிறுவனும்

உடல் துடித்தால் அதற்குப் பொருள் உண்டென்று நம் முன்னோர் நம்பினர். சிலப்பதிகாரத்தில் இந்திர விழா நாளில் கண்ணகிக்கு இடக்கண்ணும் மாதவிக்கு வலக்கண்ணும் துடிக்கின்றன. பெண்டிர்க்கு இடம் நன்மை, வலம் தீமை என்பது நிமித்தம். இதை வகுப்பில் பல்லாண்டுகளாக விளக்கி வருகிறோம். ஆயினும் நம் கெண்டைக்காலில் தொடங்கிய துடிப்பு வாரக்கணக்கில் ஓயாமல் தோளுக்கும் இமைக்கும் பரவியபோது நாடியது நிமித்த நூலையன்று, இணையத்தை. அது இயக்க நரம்பணு நோய் என்றொரு பெயரைக் கொடுத்தது. உறக்கம் போயிற்று.

அருப்புக்கோட்டையில் தறிச்சத்தம் அடங்கிய பின்னிரவுகளில் நுனிக்காலில் நின்று பார்ப்போம். ஒற்றைக் கையால் சட்டைப் பொத்தானைப் பூட்டிப் பார்ப்போம். வலு குறையவில்லை என்று தேறுவோம். பத்து நிமிடத்தில் ஐயம் திரும்பிவிடும்.

மதுரையில் நரம்பியல் மருத்துவர் ஒருவர் முழங்காலைச் சுத்தியலால் தட்டினார், நாக்கை நீட்டச் சொன்னார், குதிகாலால் நடக்கவிட்டார். பிறகு ஈ.எம்.ஜி. எனும் தசை மின்பதிவு. மெல்லிய ஊசி தசைக்குள் இறங்கியது. காலை மடக்கினால் கருவியின் ஒலிபெருக்கியில் தகரக் கூரைமேல் பெய்யும் மழை. தளரவிட்டால் அமைதி, இடையிடையே ஒரு சொட்டு.

"துடிப்பை எண்ணாதீங்க சார். வலு குறையுதா, சதை வத்துதா, அதைத்தான் பார்க்கணும். ரெண்டும் இல்லை" என்றார்.

அமெரிக்க மேயோ மருத்துவமனையார் 1993இல் வெளியிட்ட ஆய்வொன்றும் ஆறுதல் தருவதே. தீங்கற்ற தசைத்துடிப்புடைய 121 பேரை 2 முதல் 32 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்ததில் ஒருவருக்கும் அந்நோய் வரவில்லை.

அறிக்கை தெளிவாயிருந்தது. அச்சம் மட்டும் எஞ்சியது.

அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே, குண்டாற்றின் கரையில், சீமைக்கருவேலம் சூழ்ந்த வானம் பார்த்த பூமியில் இருக்கிறது திருச்சுழி. 1879 டிசம்பர் 30இல் அங்கே பிறந்த வேங்கடராமனே பின்னாளில் ரமண மகரிஷி. 1896 ஜூலையில், பதினாறு வயதில், மதுரையில் சிற்றப்பா வீட்டு மாடியில் தனித்திருந்தபோது, நோய் ஏதுமின்றியே 'சாகப் போகிறோம்' என்ற பயம் அவரைப் பற்றியது. வைத்தியரையோ பெரியவர்களையோ அவர் அழைக்கவில்லை. பிணம்போல் விறைத்துப் படுத்து, சாவது எது என்று கேட்டார்.

இதை ஞானக்கதையாகவே கேட்டு வளர்ந்தோம். இப்போது அதில் முதலில் தென்படுவது, உடல் நலமாயிருந்தும் அஞ்சிய ஒரு பையன். பின்னாளில் மெய்யாகவே இடக்கையில் புற்றுக்கட்டி வந்து, நான்கு அறுவைகளுக்குப் பின் 1950 ஏப்ரல் 14இல் அவர் மறைந்தார். அப்போது கலங்கியவர்கள் சுற்றியிருந்தோரே.

அவருடைய துணிவு நமக்கு வாய்க்கவில்லை. ஆயினும் ஒன்று விளங்கியது. நரம்பு நலமா என்ற கேள்விக்கு ஊசி விடை சொல்லும், சொல்லியும்விட்டது. சாகாமல் இருப்போமா என்ற கேள்வியை அதனிடம் கேட்டால் எத்தனை முறை குத்தினாலும் போதாது. இரண்டாம் சோதனைக்கு எழுதிக்கொடுக்கும்படி நாம் கேட்கவில்லை.

துடிப்பு இன்றும் உண்டு. வலு குறைந்தால் மருத்துவரிடம் போவோம். மற்ற நாள்களில் வகுப்புக்கு.