வெறும் தலைவலிதானே!

வீட்டில் யாராவது "தலைவலி" என்றால் நாம் என்ன செய்கிறோம்? நெற்றியில் சுக்குப் பற்றுப் போடுகிறோம்; சூடாகக் காப்பி கலந்து கொடுக்கிறோம். பெரும்பாலான தலைவலிகள் அதற்கே பயந்து ஓடிவிடும். அப்படி ஓடாத ஒன்றைப் பற்றித்தான், சகோதரிகளே, உங்களிடம் சொல்ல வந்தேன்.

என் தம்பிக்கு எச்.ஐ.வி. உண்டு. "எழுதட்டுமாடா?" என்று கேட்டேன். "பெயரை மட்டும் போடாதே, அக்கா" என்றான். அவனுக்கு இரண்டு வாரமாகத் தலைவலி, ஜுரம், வாந்தி. ரத்தத்தையும் முதுகுத்தண்டு நீரையும் சோதித்த டாக்டர், மூளையின் உறையைக் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை பிடித்திருக்கிறது என்றார்.

புறா எச்சத்திலும் மண்ணிலும் இருக்கும் பூஞ்சை அது. யார் மூச்சிலும் புகலாம். திடமான உடம்பு அதை அடக்கிவிடும். சி.டி.4 என்ற காவல் அணுக்கள் 100-க்குக் கீழே இறங்கியவர்களிடம்தான் பெரும்பாலும் வாலாட்டும். ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டாது. தம்பிக்கென்று எங்கள் வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர் கிடையாது.

முதுகில் மறுபடியும் ஊசி என்றதும் அம்மா, "கால் விளங்காமல் போய்விடுமே!" என்று அழுதாள். மூளையைச் சுற்றிய நீர் வடியாமல் அழுத்தம் ஏறினால் பார்வை போகும், உயிரும் போகும்; நீரை இறக்கினால்தான் தணியும் என்று டாக்டர் விளக்கினார். பல தடவை இறக்கினார்கள். ஒவ்வொரு தடவையும் வலி குறைந்ததை அம்மாவே பார்த்தாள்.

முன்பெல்லாம் ஆம்போடெரிசின் மருந்தை நாள்தோறும் ரத்தக் குழாயில் ஏற்றுவார்கள். சிறுநீரகம் தவித்துப் போகும். கொழுப்புறையில் பொதிந்த அதே மருந்தை ஒரே நாளில் அதிக அளவில் ஏற்றி, 14 நாள் ஃப்ளூசைட்டோசினும் ஃப்ளூகோனசோலும் கொடுத்தாலே போதும் என்று ஆப்பிரிக்காவின் 5 நாடுகளில் நடந்த ஆராய்ச்சி காட்டியது. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் அதையே சிபாரிசு செய்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. வலி நின்றதும் தம்பி, "இன்னும் எதற்கு மாத்திரை?" என்று நிறுத்திவிட்டான். சில மாதங்களில் பூஞ்சை திரும்பியது. மறுபடியும் ஆஸ்பத்திரி, மறுபடியும் ஊசி. ஃப்ளூகோனசோலை 8 வாரம் அதிக அளவிலும், பிறகு காவல் அணுக்கள் பெருகும்வரை குறைந்த அளவிலும் விடாமல் சாப்பிட வேண்டும். எச்.ஐ.வி. மருந்தைக்கூட 4 முதல் 6 வாரம் பொறுத்தே ஆரம்பிக்கிறார்கள். உடனே ஆரம்பித்தால், திடீரென்று விழித்த எதிர்ப்புச் சக்தியே மூளையைப் புண்ணாக்கிவிடலாம்.

உங்கள் வீட்டிலோ உறவிலோ எச்.ஐ.வி. உள்ளவருக்குத் தலைவலி விடவில்லையென்றால், ஊர் என்ன சொல்லுமோ என்று ஒளிக்காதீர்கள். அன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். இப்போது தம்பி வேலைக்குப் போய்வருகிறான். காலையில் தினசரிக் காலண்டரின் தாளைக் கிழித்த கையோடு அம்மா அவனிடம் மாத்திரையை நீட்டுகிறாள். அவன் விழுங்கும்வரை நகருவதில்லை.