எந்தச் சீட்டைப் புரட்டுவது?

மேசையில் நான்கு சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் இலக்கம். மேலே தெரிபவை அ, க, 4, 7. விதி இதுதான்: ஒரு பக்கத்தில் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கத்தில் இரட்டை எண் இருக்க வேண்டும். விதி சரியா என்று பார்க்க எவற்றைப் புரட்ட வேண்டும்? தேவையற்ற ஒன்றைக்கூடத் தொடக்கூடாது.

பீற்றர் வேசன் என்ற ஆங்கிலேய உளவியலாளர் 1966இல் வெளியிட்ட புதிர் இது. பத்துப் பேரில் ஒருவர் சரியாகச் சொல்வதே அரிது. பெரும்பாலானோர் அ, 4 என்பார்கள். விடை அ, 7. நாலின் பின்னால் எந்த எழுத்து இருந்தாலும் விதிக்குச் சேதமில்லை. ஏழின் பின்னால் உயிரெழுத்து இருந்தால் விதி உடைந்துவிடும்.

வவுனியாவில் போட்டிப் பரீட்சைகளின் நுண்ணறிவுப் பாடத்துக்கு வரும் பிள்ளைகளிடம் இதை வருடந்தோறும் போடுகிறேன். நாலின்மீதுதான் விரல் போகும்.

ஒருநாள் கடைக்கார மச்சானிடம் இதையே வேறு விதமாகக் கேட்டேன். தொண்ணூறுகள், தாண்டிக்குளம் சோதனைச்சாவடி. வடக்கே பற்றரி கொண்டு போகிறவனிடம் அனுமதிக் கடிதம் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். (அன்று பற்றரி தடைப்பட்டியலில் இருந்த பொருள்.) ஒருவன் கையில் பற்றரி, ஒருவன் கையில் வெற்றிலை, ஒருவனிடம் கடிதம், ஒருவனிடம் கடிதமில்லை. யார் யாரைச் சோதிப்பது? நான் முடிக்குமுன் பதில் வந்தது: "பற்றரிக்காரனையும் கடிதமில்லாதவனையும்தான். மத்தவங்களைப் பார்த்து என்ன பிரயோசனம்?" மச்சான் எட்டாம் வகுப்போடு நின்றவர்.

இதையும் ஆய்வு செய்திருக்கிறார்கள். 1982இல் அமெரிக்காவில் கிரிக்ஸ், கொக்ஸ் என்ற இருவர் எழுத்துக்கும் எண்ணுக்கும் பதிலாக பியர் குடிப்பவரின் வயதை வைத்துக் கேட்டார்கள். நான்கில் மூவரளவில் சரியாகச் சொன்னார்கள். அனுமதி, தடை என்று வந்தால் மனிதமூளை விழித்துக்கொள்கிறது.

சந்தேகம் என்று வந்தால் மட்டும் அது மீண்டும் நாலையே புரட்டுகிறது. புலி என்றால் தமிழ் பேசுபவன். ஆகவே தமிழ் பேசுபவனெல்லாம் புலி. இந்தத் தலைகீழ்க் கணக்கில் அகப்பட்டுச் சாவடிகளில் நின்ற சனம் எவ்வளவு! 1990 ஒக்டோபரில் புலிகளும் அதே கணக்கைத்தான் போட்டார்கள். முஸ்லிம்களில் சிலர் காட்டிக்கொடுப்பவர்கள் என்ற சந்தேகம், முஸ்லிம் என்றாலே காட்டிக்கொடுப்பவன் என்றாயிற்று. நீராவிப்பிட்டியும் தண்ணீரூற்றும் வெறிச்சோடின. வடமாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு தென்னிலங்கையிலும் நம்மேல் அந்த நாலாம் இலக்கச் சீட்டுத்தான் விழுந்தது.

போன மாதம் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், நாலு சீட்டையும் புரட்டிட்டா பிழையே வராதுதானே?"

நாலு சீட்டென்றால் சரி, ஒரு பஸ் நிறைய ஆட்கள் என்றால் என்ன செய்வாய் என்றேன்.

"எல்லாரையும் இறக்கி, பெட்டியெல்லாம் கொட்டித்தான் பார்த்தாங்களாம் சேர். வாப்பா சொல்லியிருக்கார்."