வெறுஞ்சிரிப்பு

பள்ளிச் சிறுவர் ஒருவரையொருவர் கேலி செய்வது உலக வழக்கு என்றும், பெரியோர் அதனைப் பெரிதுபடுத்துதல் தகாது என்றும் நாமும் நெடுநாள் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழையென உணர்த்தியவன் நம் மகனே. அதுவும் கேலிக்கு ஆளானவனாக நின்று அன்று. சிரித்தவனாக நின்று உணர்த்தினான்.

மாறுதலாணை பெற்று நாம் தில்லிக்கு வந்தபோது அவன் மூன்றாம் வகுப்பில் சேர்ந்தான். இந்தி அறியான். அன்னை டப்பாவில் வைத்தனுப்பிய இட்லியே வகுப்பில் அவனுக்குப் பெயராயிற்று. 'மதராசி' என்பது அதற்கு அடைமொழி. ஒரு திங்கள் கழியுமுன், "அம்மா, நாளை முதல் எனக்குப் பராட்டாவே வை" என்றான். காரணம் கேட்டறிந்த நாம் நகைத்தோம். "இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாதே. நீயும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிடு, தானே நின்றுவிடும்" என்று அறிவுரையும் வழங்கினோம். சின்னாளில் அது நின்றும் போயிற்று. நம் அறிவுரை பலித்ததென்று மகிழ்ந்தோம்.

மூன்றாண்டு கழித்து, அவன் ஆறாம் வகுப்பிலிருந்தபோது, வகுப்பாசிரியை நம்மை அழைத்தார். அவ்வகுப்பில் திக்கிப் பேசும் சிறுவன் ஒருவன் இருந்தான். அவன் பாடம் படிக்க எழுந்தால், தடைப்படும் முதலெழுத்தைக் கடைசி வரிசையினர் இருவர் திருப்பித் திருப்பிச் சொல்வராம். வகுப்பு முழுதும் சிரிக்குமாம். இடைவேளையிலும் இது தொடர்ந்தது. நாள்தோறும் காலையில் வயிற்றுவலி என்று சொல்லத் தொடங்கிய அச்சிறுவன், ஒன்பது நாள் பள்ளிக்கே வரவில்லை.

அன்றிரவு மகனை வினவினோம். "நான் அவனை ஒன்றும் செய்யவில்லை, அப்பா. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்" என்றான். ஏன் சிரித்தாய் என்றதற்கு, "சிரிக்காவிட்டால் அடுத்து என்னைத்தான் பிடிப்பார்கள். நீங்கள்தானே சேர்ந்து சிரிக்கச் சொன்னீர்கள்?" என்றான். நமக்கு மறுமொழி எழவில்லை. முந்தைய திங்கள்தான் குறள் ஒப்புவித்தல் போட்டியில் அவன் பரிசு பெற்றிருந்தான். விளையாட்டாகக்கூடப் பிறரை இகழ்தல் துன்பந்தரும் என்னும் கருத்துடைய பண்புடைமை அதிகாரத்தைப் பிழையின்றி ஒப்பித்தவன் அவன். கைதட்டிய தந்தை நாம்.

பின்னரே இதுபற்றிச் சிறிது படிக்கலானோம். நார்வே நாட்டில் இதனை ஆராய்ந்த டான் ஓல்வேயஸ், வேண்டுமென்றே செய்யப்படுவது, மீண்டும் மீண்டும் நிகழ்வது, எதிர்த்து நிற்கவியலாத எளியோன்மீது நிகழ்வது என மூன்று அடையாளங்களைக் கூறினார். இவையே நட்புக் கேலியையும் கொடுமையையும் பிரித்துக் காட்டுவன. பின்லாந்தின் கிறிஸ்டினா சால்மிவல்லியும் அவர் குழுவினரும் 1996-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வோ, சுற்றி நிற்போரின்மேல் நம் கண்ணைத் திருப்பியது. கொடுமை செய்வோன் ஒருவன். அவனுக்குக் கைகொடுப்போர் சிலர். சிரித்து ஊக்குவோர் சிலர். விலகி நிற்போர் பலர். துன்புறுவோன் பக்கம் நிற்போர் சிலர். அச்சிரிப்பே கொடுமைக்கு ஊதியம் என்பது நமக்கு அப்போதுதான் விளங்கிற்று.

நம் நாட்டில் விதிகள் இல்லாமலில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக் குழந்தைக்கு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் விலக்கியுள்ளது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2015-இல், பள்ளிகள் இத்தகைய கொடுமையைத் தடுக்கக் குழு அமைக்க வேண்டுமெனச் சுற்றறிக்கை விடுத்தது. எனினும், சுற்றறிக்கைகளைக் கோப்பில் சேர்த்தே வாழ்நாளைக் கழிக்கும் எழுத்தராகிய நாம் ஒன்றறிவோம்: கோப்பில் உறங்கும் தாள் எக்குழந்தையையும் காவாது.

அவ்வாசிரியை காத்தார். வகுப்பின்முன் எவரையும் நிறுத்தி மன்னிப்புக் கேட்கச் செய்யவில்லை. அது துன்புற்றவனை மீண்டும் காட்சிப்பொருளாக்கும் என்றார். சிறுவர்களைத் தனித்தனியே அழைத்துப் பேசினார். இடைவேளைகளில் தாமே வராந்தாவில் நின்றார். திக்கிப் பேசுவோர் மற்றொருவரோடு ஒரே குரலில் படிக்கும்போது பெரும்பாலும் தடையின்றிப் படிப்பர். அதையறிந்த அவர், அனைவரும் இருவர் இருவராகச் சேர்ந்தே படிக்கவேண்டும் என்று வகுப்புக்கே பொதுவிதி வகுத்தார்.

நாமும் மகனும் ஒரு ஞாயிறு மாலை அச்சிறுவனின் இல்லம் சென்றோம். "இனிமேல் சிரிக்கமாட்டேன். உன்னோடு நான் படிக்கட்டுமா?" என்றான் மகன். அச்சிறுவன் உடனே விடை சொல்லவில்லை. அவன் அன்னையும் நம்மை இன்முகத்தோடு வரவேற்கவில்லை. அது நியாயமே. அவ்வாரத்தில் அவன் பள்ளிக்குத் திரும்பினான். இருவரும் சேர்ந்து படித்தனர். ஆயினும், தனியே எழுந்து படிக்க அவன் அவ்வாண்டு முடியுமட்டும் துணியவில்லை. சில காயங்கள் நம் வருத்தத்தைக் கண்டு விரைந்து ஆறுவன அல்ல.

மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம், "உன்னை எவரேனும் அடித்தனரா?" என்று கேட்கிறோம். "இன்று எவரைப் பார்த்துச் சிரித்தீர்கள்? தனியே அமர்ந்து உண்டவர் யார்?" என்று கேட்பதில்லை. நாம் இப்போது கேட்கிறோம். அன்பர்களும் தத்தம் இல்லங்களில் கேட்பீராக. பிள்ளை துன்பத்தைச் சொல்ல வரும்போது, நாம் செய்ததுபோல் நகைத்து மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.